உங்களுக்குத் தெரியுமா? விடுதலைக்கு வட்டி கட்டிய நாடு!

அடிமைகளாக இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டு 1804-ல் உருவாக்கிய நாடு ஹெய்ட்டி. 1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் போர்க்கப்பல்கள் அதன் கரையில் வந்து நின்றன. ‘சுதந்திரத்தை அங்கீகரிக்கிறோம், எங்கள் தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடுங்கள்’ என்றார்கள். (விடுதலையான மனிதர்களும் அந்தச் ‘சொத்து’க் கணக்கில் அடக்கம்!)

முதல் தவணையே 3 கோடி. கஜானாவில் அவ்வளவு ஏது? பாரிஸ் வங்கியாளர்களிடமே கடன் வாங்கினார்கள். அவர்களோ முன்கூட்டியே 60 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 2.4 கோடியைத்தான் நீட்டினார்கள். வட்டி மட்டும் முழு 3 கோடிக்கு. நம்மூர் கந்துவட்டிக்காரர் தோற்றார்!

1838-ல் நஷ்டஈடு 9 கோடியாகக் குறைந்தது. ஆனாலும் கடனை அடைக்கக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன் என்று நீண்டு, கடைசி பாக்கி தீர்ந்தது 1947-ல்.