பேனைகள்: கூட்டலும் கழித்தலும்

ஒரு காலத்தில் பாண்டிருப்பிலும், அதன் இருமருங்கிலும் அமைந்த கல்முனையிலும் மருதமுனையிலும், ஆசிரியர், இலிகிதர் முதலானோரின் சட்டைப் பையை ஊற்றுப் பேனையே அலங்கரித்தது. ஹங்கேரி நாட்டவரான லாஸ்லோ பிரோ 1938ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு செய்த குமிழ்முனைப் பேனை உலகெங்கும் பரவிய பின்னர், அந்த வழக்கம் மெல்ல மறைந்தது. எனினும் ஊற்றுப் பேனை முற்றாக ஒழிந்துவிடவில்லை. எழுதுகருவி என்ற நிலையிலிருந்து விரும்பிச் சேர்க்கும் பொருள் என்ற நிலைக்கு அது வந்துள்ளது. மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவர், வீட்டுச் செலவுக்கு ஊறு நேராமல் இந்த விருப்பத்தைப் பேணுவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பேனையை விலை மதிப்பதற்கு முன், அது தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும். முள்ளின் நடுவே ஒரு நுண்ணிய பிளவு உண்டு. முள்ளின் அடியில் பொருந்தியுள்ள நாக்கிலே மெல்லிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். மயிர்த்துளைக் கவர்ச்சியால் மை அவ்வாய்க்கால் வழியே கீழிறங்கும். வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று மேலேறும். இவ்விரு ஓட்டங்களும் ஒத்து நிகழ்ந்தால் எழுத்துச் சீராகும்; பிணங்கினால் மை தடைப்படும், அல்லது தாளிற் கொட்டும். நியூயோர்க் நகரத்து லூயிஸ் வாட்டர்மன் 1884ஆம் ஆண்டில் உரிமை பெற்ற பேனையின் சிறப்பு, இந்த நாக்கைச் செம்மைப்படுத்தியதே ஆகும். ஆகவே, பேனையின் உயிர் முள்ளிலும் நாக்கிலும் உள்ளது. பொன்முலாம் பூசிய வளையமும் பளபளக்கும் மூடியும் எழுத்தைச் சிறப்பிப்பதில்லை. குறைந்த பணத்தில் சேர்ப்பவர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

பொன்முள் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. இரும்புச் சத்தும் அமிலத்தன்மையும் கொண்ட பழைய மைகள் உருக்கு முள்ளை அரித்தமையாலேயே அக்காலத்தில் பொன்முள் வேண்டப்பட்டது. இன்றைய சாதாரண மைகளுக்குத் துருவேறா உருக்கு முள்ளே போதும். தாளைத் தொடும் நுனியில் பதித்த கடின உலோகமே தேய்மானத்தைத் தாங்குகிறது. நுனி நன்கு அமைந்திருப்பின், உருக்கு முள்ளும் பல்லாண்டு உழைக்கும்.

மலிவான பேனை இழிவான பேனையன்று என்பதற்குச் சான்றுகள் பல. 1941ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51, முள்ளை ஒரு கவசத்துள் மறைத்து அமைத்தமையால் பெரும் புகழ் ஈட்டியது. ஷாங்ஹாய் நகரத்து ஹீரோ நிறுவனம் அதே தோற்றத்தில் 616 என்னும் எளிய பேனையை உருவாக்கிற்று. இத்தகைய பேனைகளாலேயே குறைந்த வருவாய் உடையோரும் அந்த அமைப்பின் பயனைப் பெற்றனர். தமிழகத்தின் முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி நெடுங்காலம் விரும்பிக் கையாண்டதும், சென்னைப் பாரிமுனைக் கடையொன்றில் வாங்கப்பட்ட வாலிட்டி என்னும் எளிய இந்தியப் பேனையே. அன்றாடம் ஓயாது எழுதிய கைக்கு அது போதியதாயிருந்தது.

கையாற் கடைந்த பேனைகளை விரும்புவோர்க்கும் வழியுண்டு. ஆந்திர நாட்டு இராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்தினம் சுதேசி இயக்கத்தின் உந்துதலால் பேனை செய்யத் தொடங்கினார். அவருடைய பேனையைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935ஆம் ஆண்டில் கடிதம் எழுதினார். தமிழகத்துத் திருவள்ளூரில் ரங்கா பேனைகள் கடைசல் பொறியில் ஒவ்வொன்றாக உருப்பெறுகின்றன. இவற்றுக்குரிய எபனைட்டு என்னும் பொருள், கந்தகம் மிகுதியாகச் சேர்த்து இறுக்கிய இறப்பரே. பிரேசிலிலிருந்து இங்கிலாந்து வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு, இப்பேனை முற்றிலும் அந்நியப் பொருளாகத் தோன்றாது.

இனி வரவு செலவைக் கவனிப்போம். மாதம் 500 ரூபா ஒதுக்குபவரிடம் ஆண்டு முடிவில் 6,000 ரூபா சேரும். அத்தொகை முழுவதையும் பேனைக்கே செலவிடுதல் தவறு. மை, இறப்பர்ப் பை, திருத்தக் கூலி ஆகியவற்றுக்கு 2,000 ரூபாவை நிறுத்திக்கொண்டு, எஞ்சிய 4,000 ரூபாவுக்கு மேற்படாமல் வாங்குவதே முறை. இறக்குமதிப் பேனையின் விலை நாணய மாற்றைப் பொறுத்தது என்பதையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவைத் தொட்டது. அத்தகைய வேளையில் கடன்பட்டுப் பேனை வாங்குவது, அரிசிப் பானையில் கைவைப்பதற்கு ஒப்பாகும்.

வாங்கும் பேனை ஒவ்வொன்றும் முன்னையதிலிருந்து வேறுபட்டிருத்தல் நன்று. மெல்லிய முள் ஒன்று, தடித்த முள் ஒன்று. பையால் மை உறிஞ்சுவது ஒன்று, சொட்டுக் குழாயால் உடலுக்குள்ளேயே மை நிரப்புவது ஒன்று என அமையின், நான்கு பேனைகளே ஒரு முழுமையான தொகுப்பாகும். நிறத்தால் மட்டும் வேறுபட்ட பத்துப் பேனைகள் ஒரே பேனையின் பத்துப் பிரதிகளே. பழைய பேனை வாங்குவோர், மூடியின் விளிம்பில் வெடிப்பு உண்டா, முள்ளின் இரு கிளைகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா, இறப்பர்ப் பை இறுகிப் போயிற்றா என்பவற்றை வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும்.

வாங்கியபின் வருவது பராமரிப்பு. பயன்படாத பேனையில் மை உலர்ந்து வாய்க்கால்களை அடைக்கும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று மலிவான கொளுவிகளையும் உள்வில்களையும் துருவேற்றும். எபனைட்டு, வெயில்பட்டால் பழுப்பேறும். மாதம் ஒருமுறை குளிர்ந்த நீரால் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். வெந்நீரும் மதுசாரமும் கேடு விளைவிக்கும். சித்திர வேலைக்குரிய அரக்கு மை பேனையை அடைத்தே விடும். இத்தனையும் செய்ய எத்தனை பேனைகளுக்கு நேரம் உண்டோ, அத்தனையே ஒருவருடைய தொகுப்பின் உண்மையான எல்லை. பணம் அதற்குப் பின்னரே வருகிறது.

அந்த எல்லை கடந்தபோது கழித்தல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பேனைக்கும் மை நிரப்பிய நாளைச் சிறு கொப்பியொன்றிற் குறித்து வந்தால், ஓராண்டு முடிவில் உண்மை புலப்படும். ஒருமுறையேனும் நிரப்பப்படாத பேனை, உரியவருக்கு வேண்டாத பேனையே. அதைப் பிரிய மனம் மறுப்பதற்குக் காரணம், கொடுத்த விலை நினைவில் நிற்பதே. அந்தப் பணமோ, பேனையைப் பூட்டி வைப்பதால் திரும்புவதில்லை.

எனினும் இக்கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. தந்தையோ பாட்டனோ எழுதிய பேனை வீட்டில் இருப்பின், அது எழுதாவிடினும் பேணத்தக்கது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இக்கரையோரத்தைத் தாக்கிய ஆழிப்பேரலை, பல இல்லங்களிற் கடிதமும் படமும் எஞ்சாதவாறு வாரிச் சென்றது. அதன் பின்னர் ஒரு பழைய பேனையேனும் எஞ்சிய குடும்பத்தார்க்கு, அதன் பெறுமதியைச் சந்தை விலையால் அளத்தல் இயலாது.

மற்றவற்றுள் விலைபோவனவற்றை, குறையை மறைக்காமற் சொல்லி விற்கலாம். நன்கு எழுதும் எளிய பேனைகளை, எழுத்தில் ஆர்வமுள்ள மாணவர்க்கு அளிக்கலாம். அளிக்கும்போது வெறும் பேனையை நீட்டிவிடாமல், மை நிரப்பவும் கழுவவும் அழுத்தாமல் எழுதவும் கற்றுக் கொடுத்தல் வேண்டும். கற்காத கையில் அது ஒரு கிழமையிற் கெட்டுவிடும். கற்ற கையில் மாணவப் பருவம் முழுதும் உழைக்கும். இராக்கையில் உலர்ந்து கிடந்த பேனை ஒரு சிறுமியின் கையில் மீண்டும் எழுதத் தொடங்குமாயின், கழித்தவருக்கு அதில் நட்டம் யாதும் இல்லை.