அமைப்புசாரா தொழிலாளி யார்? சென்குப்தா ஆணையம் தந்த விடையும் இன்றைய சட்டமும்

புதுடெல்லி: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததை அடுத்து, அமைப்புசாரா தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு மீண்டும் கவனம் பெற்றுள்ளது. இத்தொழிலாளர் யார் என்பதற்கு இன்றைய சட்டம் தரும் விடை, பொருளாதார அறிஞர் அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையத்தின் சிந்தனையை ஒட்டியது.

டெல்லி பொருளாதாரப் பள்ளியில் கற்பித்தவரான சென்குப்தாவை, 2004-இல் அமைக்கப்பட்ட அமைப்புசாரா துறைத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தின் தலைவராக மத்திய அரசு நியமித்தது. அவர் 2010-இல் காலமானார்.

வரையறை என்ன?

பத்துப் பேருக்கும் குறைவானோர் பணியாற்றும் தனியார் சிறு தொழில்களை அமைப்புசாரா துறை என ஆணையம் வரையறுத்தது. ஆனால், தொழிலாளியை அவர் பணிபுரியும் இடத்தை மட்டும் கொண்டு வகைப்படுத்தவில்லை. பெரிய நிறுவனத்தில் வேலை செய்தாலும், முதலாளி வழங்கும் பணிப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ இல்லாதவர் அமைப்புசாரா தொழிலாளியே என்றது. ஒரே அலுவலகத்தில் நிரந்தர எழுத்தருக்கு வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கிடைத்து, ஒப்பந்தக் காவலாளிக்கு எதுவும் இல்லையெனில், இருவரும் வெவ்வேறு பிரிவினர்.

இந்த அளவுகோலின்படி, 2004-05-இல் நாட்டிலிருந்த சுமார் 46 கோடி தொழிலாளர்களில் 92 சதவீதம் பேர் அமைப்புசாராதவர்கள். அமைப்பு சார்ந்த துறையிலேயே கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குச் சமூகப் பாதுகாப்பு இல்லை.

பரிந்துரையும் சட்டமும்

தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூன்று தரப்பும் நாளொன்றுக்குத் தலா 1 ரூபாய் செலுத்தி, மருத்துவம், மகப்பேறு, ஆயுள் காப்பீடு, முதுமைக்கால உதவி ஆகியவற்றை உறுதி செய்யலாம் என ஆணையம் பரிந்துரைத்தது. 2008-இல் நிறைவேறிய அமைப்புசாரா தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விரிந்த வரையறையை ஏற்றது; குறைந்தபட்சப் பாதுகாப்பை உரிமையாக்கவில்லை.

இப்போது என்ன மாற்றம்?

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழிப் பணியாளர்களையும் சேர்த்துள்ளது. உணவு விநியோகம், வாடகை வாகனம் போன்ற தளங்களை நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்கு வழங்க வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்துள்ளனர்.

எனினும், வைப்பு நிதிக்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் என்ற பொது வரம்புகள் தொடர்கின்றன. அதற்கு வெளியே உள்ள பெரும்பாலோருக்கு, அரசு அவ்வப்போது அறிவிக்கும் திட்டங்களே பாதுகாப்பு. பதிவு எண் பெற்றவருக்கு நோயிலும் முதுமையிலும் என்ன கிடைக்கும் என்பதை அத்திட்டங்களே தீர்மானிக்கும்.