விதைபோல் உறங்கும் மீன் முட்டை

கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில், மழைநீர்க் குட்டைகளில் வாழ்வது ‘நோத்தோபிராங்கியஸ் குந்தரி’ என்னும் கில்லி மீன். குட்டை வற்றினால் மீன் மடிந்துவிடும். சேற்றிலுள்ள முட்டைகள் மட்டும் விதைபோல் உறங்கிக் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

வீட்டுத் தொட்டியிலும் இம்முறையையே கையாள வேண்டும். ஓர் ஆணுக்கு 2 அல்லது 3 பெண் மீன்களை விடவும். தென்னை நார்க்கழிவை நன்கு அலசி, கொதிக்கவைத்து, ஆறியபின் கிண்ணத்திலிட்டுத் தொட்டியின் அடியில் வைக்கவும். மீன்கள் அதனுள் முட்டையிடும். வாரம் ஒருமுறை அதை எடுத்து, துணியில் பிழிந்து, பாலித்தீன் பையில் கட்டி, தேதி குறித்து, 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 3 மாதம் வைக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் முட்டையில் பூசணம் பிடிக்கும். அறவே காய்ந்தால் முட்டை சுருங்கிவிடும்.

முட்டைக்குள் குஞ்சின் கண் தெளிவாகத் தெரிந்த பிறகே குளிர்ந்த நீர் ஊற்றவும். அவசரப்பட்டால் குஞ்சுகள் நீந்த இயலாமல் அடியிலேயே ஊர்ந்து மடியும். நன்கு நீந்தும் குஞ்சுகளுக்கு அன்றே ஆர்ட்டீமியா இரை தரலாம்.

எல்லா முட்டைகளும் ஒரே தடவையில் பொரிப்பதில்லை. முதல் மழை ஏமாற்றினாலும் இனம் அழியாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. எனவே நார்க்கழிவைக் கொட்டிவிடாமல், மீண்டும் பிழிந்து வைத்து, சில வாரங்கள் கழித்து நனைத்தால் மேலும் குஞ்சுகள் கிடைக்கும்.