இலை இடுக்கில் குடியேறும் மாவுப்பூச்சி

ஜேட், எச்சவேரியா, ஹாவொர்த்தியா, சோற்றுக்கற்றாழை, பாலைவன ரோஜா என்று தொட்டியில் வளரும் சதைப்பற்றுச் செடி எதுவானாலும், அதற்கு வரும் முதல் எதிரி பெரும்பாலும் மாவுப்பூச்சிதான். இந்தச் செடிகள் தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துப் பிழைப்பவை. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அங்கே ஆண்டு முழுவதும் உணவு இருக்கிறது. அடுக்கடுக்காக நெருங்கி வளரும் இலைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ள இடமும் இருக்கிறது. மழையும் காற்றும் எட்டாத வீட்டு மூலையில் அதை உதிர்க்கவோ தின்னவோ யாரும் வருவதில்லை.

வளர்ந்த பெண் பூச்சி 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ளது. முட்டை வடிவ உடல், அதன்மேல் வெள்ளை மெழுகுத் தூள், ஓரங்களில் மெழுகு இழைகள். அதற்கு இறக்கை கிடையாது. வீடுகளில் அடிக்கடி காணப்படும் சிட்ரஸ் மாவுப்பூச்சி பஞ்சுபோன்ற ஒரு பையில் 300 முதல் 600 முட்டைகள் வரை இடும். நீள்வால் மாவுப்பூச்சி அப்படிப் பை கட்டுவதில்லை. அதனிடமிருந்து குஞ்சுகளே நேரடியாக வெளிவருகின்றன. ஆண் பூச்சி கொசுவைவிடச் சிறியது, இறக்கை உள்ளது. உண்ணும் வாயில்லாமல் சில நாள் மட்டுமே வாழ்ந்து மடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது குஞ்சுப் பருவம். பொரித்து வந்த குஞ்சு மஞ்சள் நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். உடலில் மெழுகு இன்னும் படிந்திருக்காது; உட்கார இடம் தேடி ஊர்ந்துகொண்டே இருக்கும். எந்த மருந்தும் எளிதில் வேலை செய்வது இந்தப் பருவத்தில்தான். வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும் என்பதால், ஒருநாள் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிட முடியாது.

பூச்சியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் அடையாளங்கள் தெரியத் தொடங்கும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சும் சர்க்கரையை அது பிசுபிசுப்பான நீராகக் கழிக்கிறது. இலை பளபளத்து ஒட்டும். பிறகு அதன்மேல் கரும்பூசணம் படரும். அந்த இனிப்புக்காக எறும்பு வரும். எறும்பு செடியைத் தின்பதில்லை, ஆனால் மாவுப்பூச்சியை உண்ண வரும் பூச்சிகளை விரட்டிவிடும். தொட்டியின்மேல் எறும்பு வரிசையாக ஏறுவது தெரிந்தால் அன்றைக்கே இலை இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. குருத்து இலை சுருங்கிக் கோணலாக வருவதும், நல்ல இலைகள் காரணமின்றி உதிர்வதும் சற்றுப் பிந்திய அறிகுறிகள்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூச்சியும் அல்ல. ஜேட் இலையின் மேற்பரப்பில் வரும் வெண்புள்ளிகள் பெரும்பாலும் உப்பு. இலையிலுள்ள நுண்துளைகள் வழியே கசியும் நீர் காய்ந்து அப்படி நிற்கிறது. ஹாவொர்த்தியாவின் வெண்வரிகள் அதன் இயல்பான தோல். எச்சவேரியாவின் சாம்பல்நீலப் பூச்சு, வெயிலிலிருந்து இலையைக் காக்கச் செடியே சுரக்கும் மெழுகு. ஐயம் இருந்தால் ஒரு பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பார்க்கலாம். உப்பு பொருக்காக உதிரும். மாவுப்பூச்சி இழையாக ஒட்டி வரும். நசுக்கினால் ஈரம் கசியும்.

மற்ற பூச்சிகளைப் பிரித்தறிவது இதைவிட எளிது. செதில்பூச்சி பழுப்பு ஓடுபோலத் தண்டில் அசையாமல் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். அசுவினி பெரும்பாலும் பூந்தண்டில்தான் கூடும், அதை வெட்டி எறிந்தாலே பாதித் தொல்லை தீரும். சிவப்புச் சிலந்தி எட்டுக்கால் உயிரி, பூச்சி இனத்தில் சேராது. வறண்ட வெப்பத்தில் பெருகி இலையில் நுண்புள்ளிகளையும் மெல்லிய வலையையும் விட்டுவைக்கும். தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் சின்னக் கறுப்பு ஈக்கள் மண் காயாமல் இருப்பதன் விளைவு; நீரைக் குறைத்தாலே அவை குறையும். கற்றாழையின் இலையும் பூந்தண்டும் கட்டிகட்டியாக விகாரமாக வளர்ந்தால் அது ஒருவகை நுண்சிலந்தியின் வேலை. அதற்கு மருந்து தேடிக் காலம் கடத்தக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டி எரித்துவிட வேண்டும்.

சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சாகப் படர்வது மட்டும் மாவுப்பூச்சியின் உறவினமான கொச்சினீல். நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாயம் வரும். இந்தப் பூச்சிக்கும் தென்னிந்தியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. சாயத்துக்காக 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி, எதிர்பார்த்த உயர்தரச் சாய இனமாக இல்லை. ஆனால் காட்டில் மண்டிக்கிடந்த ஒருவகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. பூச்சியைக் கொண்டு களையை அடக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது இப்படித்தான். 1926-இல் மற்றொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டுச் சப்பாத்திக்கள்ளிக் காடுகள் அழிக்கப்பட்டன. நிலத்தில் அவ்வளவு பெரிய கள்ளிப் புதர்களை ஒழித்த இனம் ஒரு தொட்டிக் கள்ளியை என்ன செய்யும் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மாவுப்பூச்சி மண்ணுக்குள்ளும் வாழும். வேரில் வாழும் இனங்களை மேலிருந்து காண முடியாது. வெளிச்சமும் நீரும் சரியாக இருந்தும் செடி மாதக்கணக்கில் வளராமல் வெளிறி நின்றால், தொட்டியிலிருந்து உருவிப் பார்க்க வேண்டும். வேர்களின் இடையிலும் தொட்டியின் உட்சுவரிலும் அரிசிமாவு தூவியதுபோல் வெள்ளை இருந்தால் அதுதான். பழைய மண்ணை முழுதும் உதிர்த்து, வேரைக் குழாய்நீரில் கழுவி, கெட்ட வேர்களை வெட்டிவிட்டு, செடியை நிழலில் சில நாள் வெறுமனே கிடத்தலாம். வேறு செடிகள் இதைத் தாங்காது. சதைப்பற்றுச் செடி தன் சேமிப்பைக் கொண்டு தாங்கும். பிறகு கழுவிய தொட்டியில் புது மண்கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து நீர் விட்டால் போதும். பழைய மண்ணை இன்னொரு தொட்டியில் கொட்டக் கூடாது.

இலைமேல் இருப்பதை ஒழிக்க முதல் வேலை, செடியை மற்றத் தொட்டிகளிடமிருந்து தள்ளி வைப்பது. அடுத்தது கைவேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டால், மெழுகு கரைந்து பூச்சி பழுப்பாகிச் சாகும். விரல் நுழையாத இடுக்குகளுக்கு மெல்லிய தூரிகை உதவும். முதலில் ஓர் இலையில் மட்டும் தொட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போவது பாதுகாப்பு. மாலையில் செய்து, மறுநாளும் நேர்வெயில் படாமல் வைத்தால் இலை கருகாது. ஏழு நாளுக்கு ஒருமுறை, புதுக் குஞ்சு தென்படுவது நிற்கும் வரை, இதைத் தொடர வேண்டும். பொறுமை குறைந்தவர்களிடம்தான் மாவுப்பூச்சி மீண்டும் மீண்டும் வருகிறது; மருந்தின் வீரியம் போதாமல் வருவது குறைவு.

தாக்குதல் பரவலாக இருந்தால் வேப்பெண்ணெய் கைகொடுக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெய், அது கலங்கி நிற்கச் சிறிது சோப்புக் கரைசல். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பைக் குலைக்கிறது. ஆகவே பலன் உடனே தெரியாது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எண்ணெயும் சோப்பும் எச்சவேரியா போன்றவற்றின் சாம்பல்நீல மெழுகைக் கழுவிவிடும். போன இலையில் அது திரும்ப வராது. அத்தகைய செடிகளில் பஞ்சுக்குச்சியே மேல். ஜேட் செடியும் சோப்புக் கரைசலுக்கு முகம் சுளிக்கக்கூடியது. வயலுக்கு வாங்கிய மாலத்தியான், டைமெத்தோயேட் போன்றவற்றை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவருவது தவறு. ஜேட் குடும்பத்துச் செடிகளுக்கு அவை கேடு செய்யும், வீட்டிலுள்ளோருக்கும் ஆபத்து. மண்ணில் ஊற்றும் இமிடாகுளோபிரிடு வேர்வழியே ஏறிப் பூச்சியைக் கொல்லும் என்றாலும், தேனீ நாடும் பூச்செடிகளுக்கும் உண்ணப்படும் சோற்றுக்கற்றாழைக்கும் அது ஆகாது.

மொட்டைமாடியில் திறந்த வெளியில் வளர்ப்பவர்கள் மருந்தடிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். பெரிய மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை இழைகளுடன் வேகமாக நடமாடும் புழு ஒன்று இருந்தால், அது மாவுப்பூச்சிகளை உண்ணும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-இல் இந்தியாவுக்கு வந்தது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் 2008-இல் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை 2010-இல் தருவித்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி அடக்கியதும் இதே வகை உதவிதான். மூடிய வீட்டுக்குள் வண்டு நிற்காது. மாடித்தோட்டத்தில் அதைக் காப்பாற்றுவது மருந்தைவிடப் பயன் தரும்.

மாவுப்பூச்சி பெரும்பாலும் புதிதாக வாங்கிய செடியோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. புதுச் செடியை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து, இடையிடையே இலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்க்கலாம். காய்ந்த அடியிலைகளை அவ்வப்போது கிள்ளி எடுத்தால் மறைவிடம் குறையும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொடுத்தால் வரும் இளந்தளிர் மாவுப்பூச்சிக்கு விருந்து. இந்தச் செடிகளுக்கு உரம் குறைவாகவே வேண்டும். குருத்து வரை பூச்சி புகுந்து தண்டு அழுகத் தொடங்கிய செடியோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பூச்சி இல்லாத நுனித்தண்டையோ இலைகளையோ எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் புது மண்ணில் ஊன்றி, மீதியைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிடலாம்.