வெல்லப்படாததும் வெலற்கரியதும்: இலத்தீன் சொற்கள் சில

தோல்வியுறாத வீரனையும் மறுப்புக்கு இடந்தராத வாதத்தையும் குறிக்க இலத்தீன் மொழியிற் சொற்கள் பல உள. அகராதியளவில் நோக்குவார்க்கு அவை யாவும் ஒருபொருட் பன்மொழிகளாகவே தோன்றும். பகுதி வேறு விகுதி வேறு பிரித்து நோக்கின், அவற்றுள் இருவேறு கருத்துகள் கலந்து நிற்றல் புலனாகும். ‘இதுகாறும் எவரும் வென்றிலர்’ என்பது ஒன்று. ‘எவராலும் எக்காலத்தும் வெல்ல இயலாது’ என்பது மற்றொன்று. முன்னது நிகழ்ந்ததைக் கூறுவது. பின்னது இனி நிகழ்வதற்கும் எல்லை வகுப்பது. இவ்விரண்டும் மயங்கியவாற்றையும், அம்மயக்கம் ஆராய்ச்சியாளர்க்கு உணர்த்துவதனையும் ஈண்டுக் காண்போம்.

1. போர்க்களச் சொற்கள்

‘வெல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை வின்கெரெ என்பது. ‘கொன்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்த கொன்வின்கெரெ, முற்ற வெல்லுதல் என்னும் பொருளினின்று வளர்ந்து, ஒருவன் குற்றத்தை மெய்ப்பித்தலையும் ஒரு கூற்றைப் பொய்யெனக் காட்டுதலையும் குறிக்கலாயிற்று. அவ்வினையினின்றே பிறந்த எவிக்டியோ என்பது உரோமச் சட்டத்தில் ஒரு கலைச்சொல். விலைகொடுத்து வாங்கியவனிடமிருந்து உண்மையுரிமையாளன் வழக்காடி வென்று பொருளை மீட்டலை அது குறிக்கும். எனவே, மெய்ப்பித்தலை வெற்றியாகவே கருதும் நோக்கு இலத்தீனில் வேரூன்றியிருந்தது எனலாம்.

இனெக்ஸ்புக்னாபிலிஸ் என்னுஞ் சொல்லின் அடியில் இருப்பது புக்னுஸ். மடக்கிய கைமுட்டி என்பது அதன் பொருள். அதனின்று போரைக் குறிக்கும் புக்னாவும், அரணைத் தாக்கிக் கைப்பற்றுதலைக் குறிக்கும் எக்ஸ்புக்னாரெயும் தோன்றின. நம் புறப்பொருள் இலக்கணத்தார் உழிஞை என வகுத்த முற்றுகைப் போரின் சூழல் இது. வரலாற்றாசிரியர் லிவி கொள்ளற்கரிய அரண்களுக்கு இச்சொல்லை வழங்கினார். கவிஞர் ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ ஐந்தாம் பகுதியில், மகளை இழந்த செரெஸ் தெய்வத்தின் சினத்தால் சிசிலித் தீவின் வயல்கள் பாழ்பட்டமை கூறுமிடத்து, பயிரை நெருக்கும் புல்லுக்கு இதனை அடையாக்கினார். உழவன் எத்துணைக் களைந்தும் தோலாத புல்லைக் கொள்ளற்கரிய கோட்டையாகக் கண்ட நயம் அறிந்து இன்புறத்தக்கது.

இனெலுக்டாபிலிஸ் என்பதோ மற்களத்தினின்று வந்த சொல். லுக்டாரி என்பது மற்போரிடுதல். பிடியினின்று திமிறி விடுபட இயலாதது என்பது இதன் பொருள். வெர்ஜில் இயற்றிய ஈனியட் காப்பியத்தின் இரண்டாம் பகுதியில், டிராய் நகரின் இறுதிவேளையைப் பாந்துஸ் என்னும் பூசகன் இச்சொல்லாற் குறிக்கின்றான். கோட்டை மனிதரால் தாக்கப்படுவது; ஊழோ மனிதனைப் பற்றிக்கொள்வது. ஆதலின் ஊழுக்கு முற்றுகைச் சொல்லினும் மற்போர்ச் சொல்லே பொருந்துவதாயிற்று.

2. அவைக்களச் சொற்கள்

வாத மறுப்பைக் குறிக்கும் ரெஃபூடாரெ என்னும் வினைக்குத் தடுத்து நிறுத்துதல், பின்னடையச் செய்தல் என்பனவே பழம்பொருள்கள். எதிரியின் கூற்றை மறுக்கும் பகுதியை ரெஃபூடாட்டியோ எனப் பெயரிட்டு, குவிண்டிலியன் தம் சொற்பொழிவுக்கலை நூலின் ஐந்தாம் பகுதியில் விளக்குகின்றார். இதன் இனச்சொல் கொன்ஃபூடாரெ. டிட்டினியுஸ் என்னும் பழைய நகைச்சுவை நாடகாசிரியரின் சிதைந்து எஞ்சிய அடியொன்றில், சமையற்காரன் கொதித்துப் பொங்கும் கொப்பரையை அகப்பையால் அடக்குவதை இவ்வினை குறிக்கின்றது. இதன்படி நோக்கின், மறுத்தல் என்பது பொங்கி எழுவதை அடக்குதலேயாம். அடங்கியது மீண்டும் பொங்காது என்னும் உறுதி அச்சொல்லில் இல்லை.

வாக்களிப்பு மன்றம் தந்த சொல்லும் ஒன்று உண்டு. சுஃப்ராகியும் என்பது வாக்கு. சுஃப்ராகாரி, ஆதரித்து நிற்றல். ரெஃப்ராகாரி, எதிர்த்து நிற்றல். இதனின்று எதிர்க்கவொண்ணாதது என்னும் பொருளில் இர்ரெஃப்ராகாபிலிஸ் தோன்றிற்று. பாரிஸ் நகரிற் கற்பித்து 1245-இல் மறைந்த பிரான்சிஸ்கன் துறவியார், ஹேல்ஸ் ஊர் அலெக்சாண்டர், ‘எதிர்க்கவொண்ணா ஆசிரியர்’ என இச்சொல்லாற் சிறப்பிக்கப்பெற்றார். ஆயினும், அச்சபையினரே ஆகிய ரோஜர் பேக்கன், அலெக்சாண்டர் பெயரில் வழங்கும் பெருநூல் ஒரு குதிரைச் சுமையினும் மிக்கதென்றும், அது அவராற் செய்யப்பட்டதன்று என்றும் எள்ளி எழுதினார். பட்டம் எதிர்ப்பைத் தடுக்கவில்லை என்பது இதனால் அறியப்படும்.

3. விகுதி தரும் பொருள்

இனி, இச்சொற்களின் வடிவை நோக்குவோம். இன்விக்டுஸ் என்பது வின்கெரெயின் இறந்தகாலச் செயப்பாட்டு எச்சம் எதிர்மறை முன்னொட்டுப் பெற்ற வடிவம். ‘வெல்லப்படாதவன்’ என்பதே அதன் நேர்பொருள். இன்வின்கிபிலிஸ் என்பதிலோ இயல்தகவை உணர்த்தும் ‘பிலிஸ்’ விகுதி நிற்றலின், ‘வெல்லப்பட இயலாதவன்’ என அது பொருள்படும்.

ஆயின், பண்டை வழக்கில் இன்விக்டுஸ் ஒன்றே இரண்டு பொருளையும் தாங்கிற்று. ஹெர்குலிஸ் அப்பெயரால் உரோமில் வழிபடப்பெற்றான். ஞாயிற்றுக் கடவுளுக்கும் அது அடையாயிற்று. அவுரேலியன் என்னும் பேரரசன் அக்கடவுளுக்கு 274-இல் உரோமிற் கோயில் எடுத்தான். தெய்வத்தை ‘வெல்லப்படாதது’ எனின், ‘வெல்லப்பட இயலாதது’ என்பதும் உடன் கொள்ளப்படும். மன்னர்க்கு அஃது ஒவ்வுமோ எனின், கொம்மோதுஸ் வரலாறு விடை தரும். அவன் பன்னிரு திங்கள்களுக்கும் தன் பெயர்களையும் பட்டங்களையும் சூட்டினான்; அவற்றுள் ஒன்று இன்விக்டுஸ். அவனே 192-ஆம் ஆண்டின் இறுதிநாளில் ஒரு மல்லனாற் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டான்.

இன்வின்கிபிலிஸ் பிற்கால இலத்தீனிற் கிறித்தவ நூல்களில் வழக்கூன்றியது. தாமஸ் அக்குவினாஸ் ‘வெலற்கரிய அறியாமை’ என ஒன்றை வகுத்து, முயன்றும் நீக்க இயலாமையின் அது பாவமாகாது என்றார். புகழ்ச்சிச் சொல்லாகத் தோன்றற்குரியது ஈண்டு மனிதனின் இயலாமையை அளக்கும் கருவியாயிற்று.

தமிழிலும் இதனை ஒத்த நிலை உண்டு. ‘அழியா’ என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் காலங்காட்டும் உறுப்பின்றி நிற்றலின், அழிந்திலாமையையும் அழிய இயலாமையையும் ஒருங்கே உணர்த்தும். இடம் நோக்கியே பொருள் கொள்ளுதல் வேண்டும். வேறுபாடு காட்ட விழைவார்க்கு அரிய, ஒண்ணா, இயலா முதலிய சொற்கள் துணைநிற்கின்றன. ஆகவே, இன்விக்டுஸ் வருமிடமெல்லாம் ‘வெல்லவொண்ணாத’ எனப் பெயர்த்தல் முறையன்று.

4. ஆராய்ச்சிக்கு ஒரு படிப்பினை

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு இலத்தீன் ஆவணம் ஒன்றே சான்று. மேலை நாடுகளின் ஆட்சியைக் கான்ஸ்டண்டைன் பேரரசன் போப்பாண்டவர்க்கு அளித்தான் என்னும் கொடைமுறி, இடையிடையே ஐயங்கள் எழுந்தும், பல நூற்றாண்டுகள் பெரிதும் ஏற்கப்பட்டு வந்தது. 1440-இல் லொரென்சோ வல்லா அதன் மொழிநடையை ஆராய்ந்தார். உரோம ஆட்சியாளரைப் பாரசீக வழக்கான ‘சத்திரப்’ என்னும் பதவிப்பெயரால் அது குறித்தல், கான்ஸ்டண்டைன் காலத்துக்கு ஒவ்வாதெனக் காட்டினார். இவை போன்ற காரணங்களால் அது பிற்காலப் போலி என நிறுவினார். அதன் தோற்றம் எட்டாம் நூற்றாண்டு என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. படைகள் அசைக்காத அரணைச் சொல்லாராய்ச்சி வீழ்த்திற்று.

கார்ல் பாப்பர் 1934-இல் வெளியிட்ட நூலில், எந்நிகழ்ச்சியாலும் பொய்ப்பிக்க இயலாத கோட்பாடு அறிவியற் கோட்பாடாகாது என வரையறுத்தார். பொய்யாக்கப்பட இடந்தந்தும் பொய்யாகாது நிற்றலே அறிவியற் கோட்பாட்டிற்குச் சிறப்பு. இலத்தீன் வடிவிற் கூறின், கோட்பாடு இன்விக்டுஸ் ஆகலாம். இன்வின்கிபிலிஸ் ஆதல் அதற்குப் பெருமையன்று.

‘மறுக்கவொண்ணாச் சான்று’, ‘அசைக்க முடியாத முடிபு’ என நம் ஆய்வுரைகளில் எளிதாக எழுதிவிடுகின்றோம். இனி வரும் ஏட்டுச்சுவடியும் கல்வெட்டும் தருவனவற்றை நாம் அறியோம். எதிர்ப்பவர் வாயடங்கினமை காட்டி வாய்மை நிறுவப்பட்டதெனக் கொள்வது, போர்க்களச் சொல் நம்மை மயக்கிய மயக்கமேயாம். ‘இதுகாறும் மறுக்கப்படாத சான்று’ என எழுதின் சான்றின் வலிமை குன்றாது. எழுதுவோன் நேர்மை விளங்கும் என்பது இக்கட்டுரையின் முடிபு.