பிரின்சிசியா: மடகாஸ்கர் காட்டின் சீறும் கரப்பான்

பிரின்சிசியா வான்வேரெபெக்கி, ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவுக்கே உரிய, சிறகில்லாத பெரிய காட்டுக் கரப்பான். பிளாபெரிடே குடும்பத்தில் ‘சீறும் கரப்பான்கள்’ என்ற குழுவைச் சேர்ந்தது. அக்குழுவில் சுமார் 20 சிற்றினங்கள் இருந்தும், புகழ் பெற்றது குரோம்படோரினா போர்ட்டென்டோசா ஒன்றுதான். அதை ஹெர்மன் ஷௌம் 1853-லேயே விவரித்துவிட்டார். பிரின்சிசியாவுக்கோ 1973-ல்தான் பெயர் கிடைத்தது. பூச்சியியலாளர் வான் ஹெரெவெஜ் அதைத் தனிப் பேரினமாகவே பிரித்து வைத்தார்.

இரண்டையும் பிரித்தறிய நிறத்தை நம்பக் கூடாது. பிரின்சிசியாவின் வயிற்றுக் கட்டுகளில் கறுப்பும் வெள்ளையும் பட்டைபட்டையாக ஓடுவது கண்ணைக் கவரும். ஆனால் அந்தப் பட்டைகள் பூச்சிக்குப் பூச்சி மாறும். பார்க்க வேண்டிய இடம், தலையை மூடியிருக்கும் முன்மார்புக் கவசம். வளர்ந்த ஆண் பிரின்சிசியாவில் அக்கவசத்தின் முன்விளிம்பு நடுவில் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். குரோம்படோரினாவில் இந்த வெட்டு இல்லை.

அதற்கு முன் ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும். ஆணின் கவசத்தில் இரண்டு தடித்த புடைப்புகள் எழும்பி நிற்கும். பலர் இவற்றைத் தலையில் முளைத்த கொம்புகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தலை உண்மையில் கவசத்தின் அடியில் இருக்கிறது. ஆணின் உணர்கொம்புகளில் மயிர் அடர்ந்திருக்கும். பெண்ணுக்குப் புடைப்புகள் சிறியவை, உணர்கொம்புகள் வழவழப்பானவை. இளம்பூச்சிகளைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்வது வீண் முயற்சி.

சீறலும் உதவாது, இது குழுவுக்கே பொதுவான குணம். நான்காம் வயிற்றுக் கட்டிலுள்ள சுவாசத் துளைகள் வழியே காற்றை வேகமாக வெளியேற்றுவதால் அந்த ஒலி பிறக்கிறது. தொந்தரவு செய்தால் ஆணும் பெண்ணும் சீறும். மற்ற ஆணோடு மோதும்போதும் பெண்ணை நாடும்போதும் சீறுவது ஆண் மட்டுமே.

உண்மையான சிக்கல் வளர்ப்புக் கூண்டுகளில் இருக்கிறது. நெருங்கிய சிற்றினங்களை ஒரே கூண்டில் விட்டால் அவை கலந்துவிடும் என்பதால், விற்பனைக்கு வரும் சீறும் கரப்பான்களில் பல கலப்பினங்களாக இருக்கலாம். அத்தகைய பூச்சியில் வெட்டு அரைகுறையாகத் தெரியும், பட்டைகளும் மங்கிப்போகும். அதற்குத் திட்டவட்டமாக ஒரு பெயர் சூட்டுவது தவறு. எந்தக் காட்டில், எந்தத் தேதியில் பிடிக்கப்பட்டது என்ற சீட்டு கூடவே உள்ள பூச்சிதான் வகைப்பாட்டுக்கு நம்பகமான சான்று.