பத்தாயிரம் மணியும் பாறைத் தூசியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மண்வேலை என்றதும் வாயில் வரும் பெயர்கள் மூன்று: ஜேசிபி, ஹிட்டாச்சி, பொக்லைன். மூன்றும் கம்பெனிகளின் பெயர்கள். முன்னால் அள்ளிப் பின்னால் தோண்டுகிற வண்டி யாருடைய தயாரிப்பானாலும் இங்கே அது ஜேசிபி. செயினில் நகர்வதெல்லாம் ஹிட்டாச்சி. பிரான்ஸ் நாட்டின் பொக்லைன் பெயரில் எல் அண்ட் டி ஒரு காலத்தில் தயாரித்த வண்டிகள் களத்தைவிட்டுப் போய்விட்டன, பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஊருக்கு ஊர் கல் குவாரி, ஜல்லியும் எம்-சாண்டும் அரைக்கும் கிரஷர்கள், 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை வட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய் என்று இந்த மாவட்டத்தில் இயந்திரத்துக்கு வேலை நிறையவே உண்டு. அந்த இயந்திரம் கைமாறும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை மணி ஓடியிருக்கு?’ என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவோம். பாறை நாட்டில் எஞ்சினின் வயதை மீட்டரை விட அது இழுத்த காற்றும், குடித்த டீசலும், அதற்கு ஊற்றிய தண்ணீரும்தான் சரியாகச் சொல்லும்.

லாரிக்குக் கிலோமீட்டர் என்றால் மண்வெட்டும் இயந்திரத்துக்கு மணி. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட டீசல் எஞ்சின் பெரிய வேலைக்குப் பட்டறை ஏறுமுன் 10,000 மணியைத் தொடுவது அதிசயமில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும் லாரியோடு ஒப்பிட்டால் அது 5 லட்சம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்தால் 5 ஆண்டு உழைப்பு. ஆனால் அதே மாடல் எஞ்சின் அதில் பாதி மணியிலேயே ஆயில் குடித்து, நீலப் புகை விட்டு, சிலிண்டர் தேய்ந்து, ‘போர் போச்சு’ என்று படுத்துக்கொள்வதும் உண்டு. மீட்டருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிரேக்கர் மாட்டிப் பாறை உடைத்த ஒரு மணியும், கண்மாயில் ஈர வண்டல் அள்ளிய ஒரு மணியும், டிப்பருக்காகக் காத்து ஐடிலில் நின்ற ஒரு மணியும் அதற்கு ஒன்றே.

வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 4.4 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுக்கக் காற்றை இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 4,400 லிட்டர். மணிக்கு 2,64,000 லிட்டர். டர்போ இருந்தால் இன்னும் கூடும். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று இம்மாவட்டம் எழும்பி நிற்பதே கடும்பாறையின் மேல்தான். அந்தப் பாறை உடைந்து பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் அதற்கு 7; சாதாரண இரும்பைக் கீறிவிடும். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டரின் உள்உறையான ஸ்லீவுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலமோ சில மைக்ரான்கள்தான். ஆகவே கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல, கண்ணுக்கே தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையிலான பொடிதான் எஞ்சினுக்கு எமன். உள்ளே போன பொடி ஆயிலோடு கலந்து சாணைக்கல் மாதிரி ஓயாமல் ராவும். மேலே ரிங்கும் ஸ்லீவும் தேயும். கீழே பேரிங்கும் தேயும்.

இந்தப் பொடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே நிற்கிற ஒரே காவல் ஏர் ஃபில்டர். விந்தை என்னவென்றால், அது பெரும்பாலும் கவனக்குறைவால் கெடுவதில்லை. தப்பான கவனத்தால் கெடுகிறது. தினமும் கழற்றி டயரில் தட்டுவதும், பஞ்சர் கடைக் கம்ப்ரசரை முழு வேகத்தில் பிடித்து ஊதுவதும் சுத்தம் என்று நம்பப்படுகிறது. தட்டினால் ஓரத்து ரப்பர் நசுங்கி, அதன் வழியே காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். பலமாக ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லேசாகத் தூசி படிந்த ஃபில்டர், புத்தம் புதியதைவிட நுட்பமாக வடிகட்டும்; படிந்த தூசியே சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கிவிடுகிறது. அதனால் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் சொல்லும்வரை அதைத் தொடாமல் இருப்பதும் பராமரிப்புதான். உள்ளே இருக்கும் இரண்டாவது சின்ன ஃபில்டரைத் துடைக்கவே கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். புது ஃபில்டர் போட்டும் ஹோஸ் கிளாம்பு தளர்ந்திருந்தால் போட்ட காசெல்லாம் வீண்.

காற்றுக்கு அடுத்தது தண்ணீர். ரேடியேட்டரில் குறைந்தால் பக்கத்துத் தோட்டத்து போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றுவது வழக்கம். பாறை இடுக்கில் கிடந்த உப்புத் தண்ணீர் சூட்டில் வற்றும்போது, அடுப்பில் வைக்கும் வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல உப்பு உள்சுவரில் படிகிறது. சூடு வெளியேற வழியில்லாமல் ஹெட் வளைகிறது, கேஸ்கெட் போகிறது. கூலன்டில் உள்ள மருந்து துருவைத் தடுப்பதோடு, அதிரும் ஸ்லீவின் வெளிப்பக்கத்தில் நீர்க்குமிழிகள் உடைந்து உடைந்து உலோகத்தை அரிப்பதையும் தடுக்கிறது. வெறும் தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாது. எரியாதது ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். டீசலின் கதையும் அப்படித்தான். செயின் வண்டி பங்க்குக்குப் போக முடியாது. டீசல் பேரலிலும் கேனிலும் களத்துக்கு வருகிறது. தூசியும் தண்ணீரும் கூடவே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையில்லாமல் நிற்கும் வண்டியின் பாதி காலியான டேங்கில் ஈரம் வேர்த்து அடியில் தங்குவதும் உண்டு. வடிகட்டி அடியில் சேரும் தண்ணீரைக் காலையில் திறந்துவிட ஒரு நிமிடம் போதும்.

‘பழைய எஞ்சின் எதையும் தாங்கியது, இப்போது வருவதுதான் சொத்தை’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதில் பாதி உண்மை. சக்கரத்தில் ஓடும் கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது; 2025 ஜனவரியில் 5-ஆம் நிலை வந்தது. புகையைக் குறைக்க டீசலை 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில், மயிரிழை நாசில் துளை வழியே தெளிக்கும் முறை வந்துவிட்டது. பழைய பம்ப் பொறுத்துக்கொண்ட கலங்கல் டீசலை இது பொறுக்காது என்பது சரிதான். ஆனால் ஸ்லீவைத் தின்னும் குவார்ட்ஸுக்குப் பழசு புதுசு தெரியாது. பழைய எஞ்சினும் தூசியைத் தாங்கவில்லை, புலம்பாமல் தேய்ந்தது, அவ்வளவே. புதியது சூடு ஏறினாலும் ஆயில் அழுத்தம் இறங்கினாலும் எச்சரித்து, சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதைச் சொத்தை என்பது, காய்ச்சலைக் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரைத் திட்டுவதற்குச் சமம்.

இரண்டாவது மறுப்பு பணம் பற்றியது, அது கனமானது. தவணை கட்டி வண்டி ஓட்டும் சிறு முதலாளி, தவணை முடிந்ததும் விற்றுவிடப் போகிறார். அடுத்த கைக்கு எஞ்சின் எப்படிப் போனால் அவருக்கென்ன? பேட்டாவுக்கு ஓட்டும் ஆபரேட்டருக்கு வண்டி நின்றால் அன்றைய வரும்படி இல்லை. வாடகைக்கு எடுத்தவருக்கு மணிக்கு எத்தனை ரூபாய் என்பது மட்டுமே கணக்கு. சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டு வேலை குவியும்போது, சர்வீஸுக்கு அரை நாள் நிறுத்தச் சொல்வதைக் கேட்க யாருக்கும் மனமில்லை. யாரும் கெட்டவரில்லை, ஆனால் எஞ்சின் யார் பொறுப்பிலும் இல்லை. ‘வேலை வந்தால் ஸ்லீவ் மாற்றிக்கொள்ளலாமே’ என்ற ஆறுதலும் உண்டு. ஸ்லீவும் ரிங்கும் மாற்றலாம்தான். ஆனால் தூசி நுழைந்த வழி அடைபடாவிட்டால் புது ஸ்லீவும் அதே பாட்டைப் படும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் தவணை மட்டும் ஓய்வெடுக்காது.

ஆகவே தீர்வைப் பட்டறையிலிருந்து தேடுவதைவிட வாடகைப் பேச்சிலிருந்து தொடங்குவது நல்லது. ஆயில், ஃபில்டர், கூலன்ட் செலவையும் சர்வீஸுக்கு நிற்கும் நேரத்தையும் ஆண்டு மணியால் வகுத்தால் மணிக்கு ஒரு சிறு தொகை வரும். அதை லாபத்தில் சேர்க்காமல், டீசலைப்போல அன்றாடச் செலவாக வாடகையில் ஏற்ற வேண்டும். புத்தகம் 500 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னால், குவாரியில் ஓடும் வண்டிக்கு அதை 250 ஆகக் குறைப்பது ஊதாரித்தனம் ஆகாது. கடுமையான களத்துக்கு இடைவெளியைக் குறைக்கும்படி சர்வீஸ் புத்தகங்களே சொல்கின்றன. குறைந்த ஆயிலுக்கு மேலே கொஞ்சம் ஊற்றுவதை ஆயில் மாற்றியதாகக் கணக்கு வைக்கக் கூடாது. பல வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆயில் சோதனை இன்னும் லாபம். மாதிரியில் சிலிக்கான் கூடினால் தூசி நுழைகிறது. இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பு கூடினால் பேரிங். சோடியம் தெரிந்தால் கூலன்ட் கசிவு. புகை வருமுன்னே நோய் தெரிந்துவிடும். சுமார் 262 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட அந்தக் காவிரி இணைப்புக் கால்வாய் போன்ற அரசுப் பணிகளின் ஒப்பந்தங்களில் இயந்திரப் பராமரிப்புப் பதிவேட்டைக் கட்டாயமாக்கினால், வழக்கம் மேலிருந்து கீழே இறங்கும்.

எல்லாவற்றையும்விட மலிவான மருந்து ஆபரேட்டரின் காலை நேரத்துப் பத்து நிமிடம். சாவி போடுமுன் ஆயில் குச்சி, ரேடியேட்டர், ஃபில்டர் இண்டிகேட்டர், ஹோஸ் கிளாம்பு. நிறுத்துமுன் இரண்டு மூன்று நிமிட ஐடில். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டுக்கு ஆயில் கொடுப்பது ஓடுகிற எஞ்சின்தான். பாரத்தில் ஓடிய வேகத்திலேயே அணைத்தால் அந்தச் சூட்டில் ஆயில் கரியாகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு, ‘சத்தம் சரியில்லை, நிறுத்துகிறேன்’ என்று சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு என்று முதலாளி ஒப்புக்கொண்டால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. அப்படி ஓடிய வண்டியை விற்க வரும்போது, ‘எத்தனை மணி?’ என்ற கேள்விக்குப் பிறகு, ‘ஃபில்டர், ஆயில் பில்லெல்லாம் இருக்கா?’ என்றும் வாங்குபவர் கேட்கட்டும். மீட்டரைக் கழற்றி மாற்ற ஒரு ஸ்பேனர் போதும். ஐந்து வருஷத்துப் பில் கட்டை ஒரே ராத்திரியில் சேர்ப்பது கஷ்டம். அந்தக் கட்டுக்கும் சந்தையில் விலை கிடைக்கும் என்று ஆகிவிட்டால், விற்கப்போகிற முதலாளியும் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார்.